கோத்தகிரி ட்யூனிங் மேட்டுப்பாளையத்துல செல்லாது

காத்து மழைன்னு வந்துட்டா எங்க ஊர்ப் பக்கம் பேப்பர்ல ஒரு வரி கண்டிப்பா வந்துரும், ரோட்டுல மரம் விழுந்துச்சு, தீயணைப்புத் துறையினர் மின்வாளால் அறுத்து அகற்றினர்னு. மின்வாள்னு யார் பேர் வச்சாங்களோ, அதுல மின்சாரம்னு இருக்குறது ஸ்பார்க் பிளக்ல தெறிக்கிற அந்த ஒரு பொறி மட்டும்தான், மத்ததெல்லாம் பெட்ரோல், ஆயில், கரி, அப்புறம் கயிறு இழுத்து இழுத்து ஓஞ்சு போன தோள்பட்டை. நாங்க பவர்சான்னுதான் சொல்லுவோம்.

எனக்குக் கோத்தகிரியில சின்னதா ஒரு பட்டறை. கவாத்து மிஷின், மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், புல்லு வெட்டுற மிஷின், பவர்சா, டூ ஸ்ட்ரோக்னு எது வந்தாலும் பார்ப்பேன். இதுல பவர்சா மேலதான் எனக்குக் கிறுக்கு. அந்தக் கிறுக்கு எந்த அளவுக்குப் போய் எவ்ளோ செலவு வச்சுதுன்னுதான் இந்தப் பதிவு.

மரம் வெட்டுற மேஸ்திரிண்ணா ஒருத்தர், எங்கப்பா காலத்துப் பழக்கம், ஒரு 72 சிசி மிஷின் கோயம்புத்தூர்ல செகண்ட்ஸ்ல வாங்கிட்டு வந்தாரு. கடையில ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனப்போ சிங்கம் மாதிரி இருந்துச்சாம், மலை ஏறி வந்ததும் இருமுதாம், கற்பூர மரத்துல (யூகலிப்டஸ்தான்) வச்சா பாதியிலயே மூச்சு வாங்குதாம். "ஏமாத்திப்புட்டான் தம்பி"ன்னு வந்து நிக்கிறாரு. நான் சொன்னேன், "யாரும் ஏமாத்தலீங்ணா, நீங்கதான் மலை ஏறிட்டீங்க."

விஷயம் ரொம்ப சிம்பிள். இங்க குக்கர் இல்லாம சாதம் வச்சா வேக நேரமாகுதுல்ல, அதே காத்துதான் காரணம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், இந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட சுமார் 16 சதவீதம் கம்மி, ஊட்டி 2,240 மீட்டர், அங்க 20 சதவீதம் கம்மி. சிலிண்டர் அதே சிலிண்டர்தான், ஆனா ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ள போற காத்து கம்மி, அப்ப எரியறதும் கம்மி. அட்டைப்பெட்டியில 3.9 கிலோவாட்னு போட்டிருந்தா இங்க 3.3 கிட்ட கிடைச்சா பெருசு. இது போதாதுன்னு இன்னொரு கூத்து, காத்து குறையற அளவுக்கு கார்ப் (கார்புரேட்டர், காத்தையும் பெட்ரோலையும் கலக்குற பாகம்) பெட்ரோலைக் குறைக்காது, பாதி அளவுக்குத்தான் குறைக்கும். அதனால கீழ சரியா இருந்த மிஷின் மேல வந்தா பெட்ரோல் அதிகமாகி ரிச் ஆயிடும், பிளக் கரி புடிக்கும், புகை வரும், இருமும். மேஸ்திரிண்ணா மிஷினுக்கு வந்த நோய் அவ்ளோதான்.

இந்த கார்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பைக் மெக்கானிக்குங்க பாதிப்பேர் இங்கதான் தடுமாறுறாங்க. பைக் கார்புல கிண்ணம் இருக்கும், மிதவை இருக்கும், பெட்ரோல் ஒரு மட்டத்துல நிக்கும், பழைய ஆர்எக்ஸ் 100 வச்சிருந்தவங்களுக்குத் தெரியும். பவர்சாவை சாய்ச்சுப் புடிப்போம், படுக்கப்போட்டு அறுப்போம், தலைகீழாகூட புடிப்போம், கிண்ணம் வச்சா பெட்ரோல் எங்க நிக்கும்? அதனால இதுல ரெண்டு ரப்பர் தாள், டயாபிரம்னு சொல்லுவோம். ஒண்ணு கிராங்க் கேஸ்ல (பிஸ்டனுக்குக் கீழ இருக்குற அறை) வர்ற காத்துத் துடிப்பை வச்சு டேங்க்ல இருந்து பெட்ரோலை பம்ப் பண்ணும். இன்னொண்ணு தேவைக்குத் தகுந்த மாதிரி ஒரு குட்டி நெம்புகோலை அமுக்கி ஊசியைத் திறந்து மூடும். மூடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அது வழியா வெளிக்காத்து அழுத்தம் டயாபிரம் முதுகுல படணும். அந்த ஓட்டையில மரத்தூளு அடைச்சுட்டு "கார்ப் போச்சு"ன்னு தூக்கிட்டு வந்தவங்க எத்தனை பேர்! ஒரு ஊதல்ல சரியாப் போயிருக்கு, காசு வாங்கவே கூச்சமா இருக்கும் (வாங்கிருவேன்).

வெளிய மூணு ஸ்க்ரூ. எல்னு போட்டிருக்கறது ஐடிலுக்கும் ஆக்சிலேட்டர் எடுக்கறதுக்கும், எச்னு போட்டிருக்கறது ஃபுல் ஆக்சிலேட்டருக்கு, மூணாவது சும்மா ஐடில் வேகத்துக்கு. புது மிஷின்ல எல், எச் ரெண்டு மேலயும் பிளாஸ்டிக் தொப்பி போட்டு வச்சிருப்பாங்க, கொஞ்சத்துக்கு மேல திருப்ப முடியாது, அது புகைக் கட்டுப்பாட்டு விதிக்காக வந்தது. சிலதுல எச் ஸ்க்ரூவே இருக்காது, ஃபிக்ஸட் ஜெட்தான், அந்த மிஷின்ல ட்யூனிங்னு பேசறதுல அர்த்தமே இல்ல, வேற கார்ப் மாத்தினாத்தான் உண்டு.

ஸ்க்ரூவைத் தொடறதுக்கு முன்னாடி ஃபில்டர் கழுவணும், டேங்க் உள்ள இருக்குற பெட்ரோல் ஃபில்டர் பார்க்கணும், ஐடில் ஏறி இறங்கி அலையுதான்னு பார்க்கணும், அலைஞ்சா எங்கியோ காத்து லீக், பெரும்பாலும் கிராங்க் சீல் இல்லாட்டி கார்புக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற ரப்பர். லீக்கை வச்சுக்கிட்டு ட்யூன் பண்றது ஓட்டைக் குடத்துல தண்ணி அளக்குற கதை.

அப்புறம் ரெண்டு ஸ்க்ரூவையும் மெதுவா முழுசா மூடி (இறுக்கினா உள்ள சீட்டு கெட்டுரும், விரல் நுனி போதும்) ஒரு சுத்து திறந்தா பெரும்பாலான மிஷின் ஓடிரும். நல்லா சூடாகட்டும். எல்லை ஐடில் எங்க அதிகமா ஏறுதோ அங்க கொண்டுபோய் அதுல இருந்து ஒரு துளி திறந்து விடணும், ஆக்சிலேட்டரை சட்டுன்னு அமுக்குனா தயங்காம எடுக்கணும், தயங்கினா இன்னும் கொஞ்சம் திற. கடைசியா ஐடிலை 2,500, 2,800 ஆர்பிஎம் கிட்ட நிறுத்தணும், செயின் சுத்தவே கூடாது.

எச்தான் காதுக்கு வேலை. ஃபுல் ஆக்சிலேட்டர் குடுத்து மரத்துல வைக்காம புடிச்சா சத்தம் கொஞ்சம் கொழகொழன்னு, தடுமாறுற மாதிரி, 'பர்ர்ர்ர்'னு இருக்கணும். நாங்க அதை நாலு ஸ்ட்ரோக் சத்தம்னு சொல்லுவோம், பெட்ரோல் கொஞ்சம் அதிகமா இருக்கறதால ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து எரியும், அதான். மரத்துல வச்சு லோடு குடுத்ததும் அந்தக் கொழகொழப்பு நின்னு சுத்தமான டூ ஸ்ட்ரோக் கத்தல் வரணும், தூக்கினா மறுபடி கொழகொழ. இதுதான் சரியான இடம். மரத்துல வைக்காமலே 'கீஈஈ'ன்னு சுத்தமா கத்துச்சுன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும், பசங்க அதைத்தான் கேப்பாங்க, "அண்ணா இன்னும் கொஞ்சம் ஏத்துங்க"ம்பாங்க, ஆனா அது லீன், பெட்ரோல் பத்தல. பெட்ரோல் பத்தலைன்னா ஆயிலும் பத்தல, டூ ஸ்ட்ரோக்ல ரெண்டும் ஒண்ணாத்தான உள்ள போகுது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. சில மிஷின்ல ஸ்பார்க் குடுக்குற காயில் (coil) தானே வேகத்தைக் கட்டுப்படுத்தும், 13,500, 14,000 தாண்டினா ஸ்பார்க்கை வெட்டி விட்டுரும், அந்த சத்தமும் கொழகொழன்னு நாலு ஸ்ட்ரோக் மாதிரியே கேக்கும். ரிச்சாத்தான் இருக்குன்னு நெனைச்சு இன்னும் மூடிக்கிட்டே போனா முடிஞ்சுது கதை. அதுக்குத்தான் டாக்கோ மீட்டர், பிளக் வயர்ல ஒரு கம்பியைச் சுத்தி விட்டா ஆர்பிஎம் காட்டிரும். காது மட்டும் போதும்னு நானும் ரொம்ப வருஷம் பெருமை பேசிட்டு இருந்தவன்தான்.

மேஸ்திரிண்ணா மிஷினுக்கு எச்சை ஒரு கால் சுத்துக்கும் கம்மியா மூடினேன், இருமல் போச்சு. ஆனா காத்தே கம்மியா இருக்கறப்போ கார்பை என்ன திருப்பினாலும் போன பவர் வராது, ரிச்சினால விட்டது மட்டும்தான் திரும்பும். அவருக்கு அது போதும். எனக்குத்தான் போதல.

சைலன்சர்ல கை வச்சேன். பவர்சா சைலன்சர் ஒரு சின்ன டப்பா, உள்ள ஒரு தடுப்புத் தகடு, வெளிய போற வாய் சிக்குன்னு இருக்கும், சத்தத்துக்காகவும் புகைக்காகவும் அப்படி அடைச்சு வைக்கிறாங்க. கழட்டிப் பார்த்தா முதல்ல கண்ணுல பட்டது தீப்பொறி தடுக்குற கம்பி வலை, முக்காவாசி கரி அடைச்சிருந்துச்சு, லிட்டருக்கு எவ்ளோ ஆயில்னு கணக்கே இல்லாம ஊத்தியிருக்காங்க. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில்னா 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண ஆயில்னா 25-க்கு 1, 40 மில்லி, நம்மாளுங்க "நெறைய ஊத்தினா நல்லது"ன்னு கை கணக்குல ஊத்துவாங்க. வலையை அடுப்புல காட்டி கரியை எரிச்சுத் தட்டினேன், அதுலயே கொஞ்சம் உயிர் வந்துருச்சு. இதை இங்கயே சொல்லிடறேன், உங்க மிஷின் மெதுவா மெதுவா இழுவை குறைஞ்சா மாடிஃபை பண்றதுக்கு முன்னாடி அந்த வலையைப் பாருங்க.

அதோட நின்னிருக்கலாம். தடுப்புத் தகட்டுல ரெண்டு ஓட்டை பெருசாக்கி, முன்பக்கம் இன்னொரு வாய் அறுத்து ஒரு குட்டி பைப் வெல்டிங் வச்சேன். கணக்கு என்னன்னா வெளிய போற வாயெல்லாம் சேர்த்து சிலிண்டரோட எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளிய போற ஓட்டை) பரப்புல முக்கால் பங்கு கிட்ட இருந்தா போதும், அதுக்கு மேல போனா சத்தம்தான் கூடும். பைப்பு வாய் பிளாஸ்டிக் டேங்கைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்கவும் கூடாது. வலையைத் திரும்ப மாட்டினேன், புது வாய்க்கும் வலை வச்சேன், அதுல மட்டும் விளையாட்டு இல்ல. டிசம்பர், ஜனவரி உறைபனியில புல்லெல்லாம் கருகிக் கெடக்கும், பிப்ரவரி மார்ச்ல ஒரு பொறி போதும், அதுவும் கற்பூர இலை கீழ கெடந்தா எண்ணெய் ஊத்தின மாதிரிதான்.

சைலன்சர் திறந்தா காத்து சுலபமா வெளிய போகும், அப்ப புதுக் காத்து அதிகமா உள்ள வரும், அப்ப எச்சை மறுபடி திறக்கணும். இதை மறக்குறவங்கதான் முக்காவாசி பிஸ்டனைப் பொசுக்குறாங்க. நான் மறக்கல, திறந்தேன், டாக்கோ வச்சு சரி பண்ணினேன்.

மிஷின் மாறிப்போச்சு. அமுக்குனா கையை விட்டு ஓடப் பார்க்குது. சத்தம் பள்ளத்தாக்கு தாண்டி எதிர் எஸ்டேட் வரைக்கும் கேட்டிருக்கும், மேல டீத்தோட்டத்துல மேஞ்சுட்டு இருந்த காட்டுமாடு ரெண்டு தலையைத் தூக்கிப் பார்த்துட்டு நமக்கெதுக்கு வம்புன்னு மறுபடி மேய ஆரம்பிச்சிருச்சு. ஒரே கற்பூரக் கட்டையில முன்னாடி 41 செகண்ட் ஆன அறுப்பு இப்ப 27 செகண்ட். மூணுல ஒரு பங்கு மிச்சம்! மேஸ்திரிண்ணாவுக்குக் கூட்டிக் காட்டினேன், மச்சானுக்கு வீடியோ அனுப்பினேன், ராத்திரி தூக்கமே வரல.

மறுநாள் காலையில பல் தேய்ச்சிட்டு இருக்கறப்பதான் உறைச்சுது. நடுவுல செயினுக்கு அரம் போட்டேனே.

வெக்கமாப் போச்சு. ஒழுங்கா டெஸ்ட் பண்ணலாம்னு பழைய சைலன்சர் ஒண்ணைத் தேடிப் புடிச்சு மாட்டி, எச்சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அரம் போட்ட செயின்லயே அதே கட்டையை அறுத்தேன். 31 செகண்ட். அதாவது குறைஞ்ச 14 செகண்ட்ல பத்து செகண்ட் அரத்தோட வேலை, ரெண்டு நாள் ஓட்டை போட்டு வெல்டிங் வச்ச என் வேலைக்கு நாலு செகண்ட். மேஸ்திரிண்ணாகிட்ட சொன்னேன், அவரு சிரிக்கக்கூட இல்ல, "பல்லு போனா கிழவன்கூட முறுக்கு கடிக்க மாட்டான், மிஷின் எப்படிக் கடிக்கும்"னுட்டுப் போயிட்டாரு.

அதனால செயின். இப்ப நாம போடுற செயினோட வளைஞ்ச பல்லு, அமெரிக்காவுல ஜோசப் காக்ஸ்னு ஒரு மரம் வெட்டி, 1946-ல மரத்தைக் குடையுற ஒரு புழு இடமும் வலமுமா மாத்தி மாத்திக் கடிக்கிறதைப் பார்த்து யோசிச்சது, 1947-ல விற்பனைக்கு வந்துச்சு. அந்தப் புழுவை மிஞ்ச இன்னும் ஆள் வரல. 3/8 செயினுக்கு (கண்ணியோட அளவு, இன்ச்ல) 5.2 இல்லாட்டி 5.5 மில்லி உருண்டை அரம், .325-க்கு 4.8, சின்ன மிஷின்ல வர்ற குட்டை 3/8-க்கு 4 மில்லி, மாத்திப் போட்டா பல்லோட வளைவே கெட்டுரும். கோணம் பெரும்பாலும் 30 டிகிரி, செயின் மேலயே கோடு போட்டிருக்கும். நம்மாளுங்க விடறது எங்கன்னா பல்லுக்கு முன்னாடி நிக்கிற குட்டித் திமில், ரேக்கர்னு சொல்லுவாங்க, பல்லு ஒவ்வொரு தடவை எவ்ளோ ஆழம் கடிக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும். பல்லை ராவ ராவ அது உயரம் குறையும், திமில் அப்படியே நிக்கும், கடைசியில பல்லு மரத்தையே தொடாது, கத்தி மாதிரி கூர் இருந்தும் தூளா கொட்டும். பல்லுக்கும் திமிலுக்கும் 0.65 மில்லி வித்தியாசம் வச்சா செதில் செதிலா பறக்கும். திமிலை அதிகமா ராவி பவரைப் புடிக்கலாம்னு நெனைச்சா மிஷின் எகிறி மூஞ்சிக்கு வரும். சீகை மரம் பரவாயில்ல, கற்பூரம் காஞ்சு நின்னதுன்னா அரத்தைக் கையில வச்சுக்கிட்டேதான் அறுக்கணும்.

சரி, இதெல்லாம் படிச்சுக்கிட்டதுக்கு அப்புறமாவது அடங்கியிருக்கணும். மே மாசம், மலையடிவாரத்துல மேட்டுப்பாளையம் கிட்ட இருக்குற சிறுமுகை பக்கம் ஒரு தோட்டத்துல பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு சாஞ்சு கெடந்துச்சு, மேஸ்திரிண்ணா ஆளுங்களோட கீழ போனாரு, என்னையும் "வா தம்பி, உன் மிஷின் என்ன பண்ணுதுன்னு நீயே பாரு"ன்னு கூட்டிட்டுப் போனாரு. ஜீப்ல பின்னாடி மிஷின், கொண்டை ஊசி ஒவ்வொண்ணா இறங்க இறங்கக் காது அடைக்குது, அடைச்ச காதுல கொட்டாவி விட்டு விட்டு சரி பண்ணிக்கிட்டே போறேன், காத்து கெட்டியாகுதுன்னு என் காதே சொல்லுது, எனக்குத்தான் மண்டையில ஏறல.

இறங்கினதும் இழுத்தேன், ஸ்டார்ட் ஆச்சு, ஆக்சிலேட்டர் குடுத்தேன், அப்படி ஒரு சத்தம், சுத்தமா, கொழகொழப்பே இல்லாம! சுத்தி நின்னவங்கல்லாம் பார்க்கறாங்க. நானும் நெனைச்சேன், கீழ காத்து நெறைய இருக்கு, அதான் பவர் கூடியிருக்குன்னு. நெனைச்சது சரிதான், கூடியிருந்துச்சு. ஆனா மேல எச்சை வச்ச இடம் மேல இருக்குற மெல்லிசுக் காத்துக்கு. கீழ காத்து ஆறுல ஒரு பங்கு அதிகம், பெட்ரோல் அதுல பாதிதான் கூடும், கணக்குப் போட்டா கலவை ஏழெட்டு சதவீதம் லீன். மரத்தோட மேல்பக்கம் தண்டியா நாலு கட்டை அறுத்தாச்சு, அடிமரத்தை நெடுக்க வாங்கும்போது வெயில் மண்டையைப் பொளக்குது, ஃபுல் ஆக்சிலேட்டர்ல ரெண்டு நிமிஷம் மூணு நிமிஷம் விடாம. சத்தம் கொஞ்சம் கொஞ்சமா மெல்லிசாகிக்கிட்டே போச்சு, கொசு மாதிரி, அப்புறம் ஒரு இழுப்பு, 'க்ர்ர்க்'. நின்னுருச்சு. கயிறை இழுத்தா வரல.

மேஸ்திரிண்ணா ஒண்ணும் சொல்லல. கைமிஷின் இன்னொண்ணு இருந்துச்சு, அதை எடுத்து வேலையை முடிச்சாரு. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

பட்டறையில கழட்டினேன். பிஸ்டன்ல எக்ஸாஸ்ட் பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் கோடு கோடா கீறல், அலுமினியம் உருகி சிலிண்டர் சுவத்துல அப்பியிருக்கு, ரிங்கு அசையல. சிலிண்டர் உள்ள கெட்டி முலாம் போட்டிருப்பாங்க, பழைய ஆட்டோ இஞ்சின் மாதிரி போர் அடிச்சு ஓவர்சைஸ் போட முடியாது. ஆனா முலாம் தப்பிச்சிருந்தா சிலிண்டரைக் காப்பாத்தலாம், பாத்ரூம் கழுவுற ஆசிட்டைப் பஞ்சுல தொட்டு அந்த அப்பின இடத்துல மட்டும் வச்சா அலுமினியம் நுரைச்சுக் கரையும், நிக்கல் முலாமா இருந்தா அதை ஒண்ணும் பண்ணாது. போர்ட் ஓரத்துல படக்கூடாது, அங்க வெறும் அலுமினியம், அதையும் தின்னுரும். வெளிய காத்தோட்டமா உக்காந்து, கையுறை போட்டு, ரெண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா பண்ணினேன். முலாம் நல்லா இருந்துச்சு. பிஸ்டன், ரிங் மட்டும் புதுசு, காசு என்னுது.

திறந்ததுதான் திறந்தோம்னு இன்னொரு வேலையும் பார்த்தேன் (தெரியுமே). பிளக் ஓட்டை வழியா ஈயக்கம்பியை விட்டு சிலிண்டர் சுவத்தைத் தொட வச்சுக் கையால ஒரு சுத்து சுத்தினா பிஸ்டன் மேல வந்து கம்பியை நசுக்கும், நசுங்கின கனத்தை அளந்தா பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி தெரியும். 1.1 மில்லி இருந்துச்சு. அடியில இருக்குற பேஸ் கேஸ்கெட் அரை மில்லி, அதை எடுத்துட்டு சூடு தாங்குற சீலன்ட் மட்டும் தடவி உக்கார வச்சா 0.6. அரை மில்லிக்குக் கீழ போகக் கூடாது, முழு வேகத்துல கனெக்டிங் ராடு லேசா நீளும், பிஸ்டன் தலை முட்டிரும். இப்படி சிலிண்டர் இறங்கறதால எக்ஸாஸ்ட் கொஞ்சம் லேட்டா திறக்கும், அடி வேகத்துல டார்க் (இழுவை) கூடும், கம்ப்ரஷன் கூடும். இது மலைக்குப் பொருத்தமான மாத்தம், காத்து கம்மியா வர்ற இடத்துல வந்ததை நல்லா அமுக்கி எரிக்கிறோம். கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பார்க்குறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, மேனுவல்ல இருக்குற நம்பர் இங்க வராது, நல்ல மிஷின்கூட இந்த உயரத்துல கம்மியாத்தான் காட்டும், ரிங் போச்சுன்னு பயந்து மாத்தினவங்க இருக்காங்க.

போர்ட்டிங்? அதையும் விடல, ஆனா மேஸ்திரிண்ணா மிஷின்ல இல்ல, ஒரு பழைய 58 சிசி சைனா சிலிண்டர்ல. எக்ஸாஸ்ட் போர்ட்டைக் கொஞ்சம் மேல தூக்கினா உச்ச வேகத்துல பவர் கூடும்னு கிரைண்டர் முனையை விட்டுக் குடைஞ்சேன், போர்ட்டுக்குள்ள இருந்து சிலிண்டர் பக்கமா இழுத்ததுல முலாம் ஓரத்துல பொரிஞ்சு வந்துருச்சு, ஓரத்தை மழுக்காம விட்டதுல ரிங் போய் மாட்டி, ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துல கதை முடிஞ்சுது. போட்டிக்கு அறுக்குறவங்களுக்கு அது சரி, ஒரு கட்டைக்கு சில செகண்ட்தான் அவங்க கணக்கு. நாள் பூரா மரத்தடியில நிக்கிற மிஷினுக்கு அடியில இழுவை வேணும், உச்சத்துல ஆயிரம் ஆர்பிஎம் கூடி என்ன பண்ண? ஃப்ளைவீல் சாவியை ராவி டைமிங் (ஸ்பார்க் வர்ற நேரம்) முன்னாடி தள்ற வித்தையும் சொல்லுவாங்க, வேலை செய்யும், ஆனா கயிறு உதைச்சு விரலைப் பதம் பார்க்கும்.

இப்ப பெட்ரோலும் மாறிப்போச்சு. பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால், பல பவர்சா மேனுவல்ல 10 சதவீதம் வரைக்கும்தான் போட்டிருக்கும். எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கறதால வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும்னா இதுக்கு 13.5 கிட்ட போதும், அதாவது ஸ்க்ரூவைத் தொடாமலே மிஷின் எட்டு சதவீதம் லீன் ஆன மாதிரி, கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கின அளவு! பழைய செட்டிங்ல கீழயும் போய், இந்தப் பெட்ரோலும் ஊத்தினா ரெண்டு மலை இறங்கின கணக்கு. இன்னொண்ணு, எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர் மிஸ்ட்ல கேனை மூடாம ரொம்ப நாள் வச்சா அடியில தண்ணி பிரிஞ்சு நிக்கலாம். டயாபிரமும் விறைச்சு அப்பளம் மாதிரி ஆயிடுது. ரெண்டு வாரத்துக்கு மேல மிஷின் சும்மா கெடக்கும்னா டேங்கைக் காலி பண்ணி, தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டுருங்க.

இதுக்கெல்லாம் மாத்து இல்லாம இல்ல. ஸ்டில் கம்பெனியில எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவுல ஆட்டோட்யூன்னு வருது, கார்பை எலக்ட்ரானிக்ஸே பார்த்துக்கும், உயரத்துக்கும் பெட்ரோலுக்கும் தகுந்த மாதிரி தானா மாத்திக்கும், ஸ்க்ரூவே கெடையாது. காலையில ஊட்டி, மதியம் காரமடைன்னு அலையற ஆளுக்கு அதுதான் சரி, பொறாமையா இருந்தாலும் ஒத்துக்கணும். வெலை கேட்டா மேஸ்திரிண்ணா டீயைக் கீழ வச்சிருவாரு.

அதனால அவர் மிஷினுக்கு நான் பண்ணினது இதுதான். கார்ப் மூடியில எச் ஸ்க்ரூவைச் சுத்தி வீட்ல பொண்ணோட நெயில் பாலிஷ் எடுத்து ரெண்டு கோடு போட்டேன், செவப்புக் கோடு கோத்தகிரி, அதுல இருந்து இடது பக்கம் திருப்பினா வர்ற ரோஸ் கோடு மேட்டுப்பாளையம். ரெண்டையும் அந்தந்த ஊர்லயே போய், சூடு பண்ணி, டாக்கோ வச்சு, மரத்துல வச்சுப் பார்த்துதான் போட்டேன். டேங்க் மூடியில குட்டி ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு கயிறு போட்டுத் தொங்க விட்டிருக்கேன். மலை இறங்கினா முதல்ல ரோஸ், அப்புறம்தான் கயிறு. மலை ஏறினா மறந்தாக்கூட பரவாயில்ல, இருமும், அவ்ளோதான்.

போன வாரம் போன் வந்துச்சு. பலா சீசன், கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவழியில இருக்குற குஞ்சப்பனை பக்கம் யானை நடமாட்டம் இருக்குற நேரம், அங்க ரோட்டோரத்துல ஒரு மரம் சாஞ்சு கெடக்கு, போலீஸ், ஃபாரஸ்ட் எல்லாம் நிக்கிறாங்க, ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது, பின்னாடி பஸ் ஹாரன் சத்தம் எனக்கே கேக்குது. மேஸ்திரிண்ணா பதட்டமே இல்லாம கேக்குறாரு, "தம்பி, குஞ்சப்பனைக்கு என்ன கலரு?"

"ரோஸ்லயே வச்சுக்கோங்ணா, இருமினா இருமட்டும்"னேன்.